ஹேர்மிஸ் கப்பலா, புளியந்தீவுக் கோட்டையா?

மட்டக்களப்பின் போர் வரலாற்றிலிருந்து தரம் 8, 9 மாணவர்களுக்கு ஒரே ஒரு கதையைச் சொல்ல வேண்டுமென்றால், நம்மில் பலர் இரண்டாம் உலகப் போரில் மூழ்கிக் கடலடியில் கிடக்கும் ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைத்தான் தெரிவு செய்வோம். வாசிப்பு வட்டத்தில் நானும் பல காலம் அதையே சொல்லி வந்தேன். இப்போது மட்டக்களப்பு நகரின் புளியந்தீவிலுள்ள கோட்டையின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ஹேர்மிஸின் கவர்ச்சியை மறுக்க முடியாது. விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. ஜப்பானியர் தாக்கக்கூடும் என்று அஞ்சித் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து தெற்கே அனுப்பப்பட்ட அக்கப்பல், 1942 ஏப்ரல் 9 காலையில் திரும்பிக்கொண்டிருந்தபோது எதிரியின் உளவு விமானத்தின் கண்ணில் பட்டது. முற்பகல் 11 மணிக்குள் அது மூழ்கியது. 307 பேர் மாண்டனர். துணைக்கு வந்த வம்பயர் என்ற நாசகாரிப் போர்க்கப்பலும் உடன் மூழ்கியது. குண்டுகளுக்குத் தப்பிய வீற்றா என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரை மீட்டது. "விமானமே இல்லாமல் விமானந்தாங்கி எப்படிப் போனது, சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். விமானங்கள் கரையில் இறக்கப்பட்டிருந்தன என்றேன். அத்துடன் கதை முடிந்துவிட்டது. பிள்ளைகள் அதைப் படம் பார்ப்பது போலக் கேட்கிறார்கள், வாதிடுவதில்லை.

1603இல் ஒல்லாந்தத் தளபதி செபால்ட் டி வேர்ட் மட்டக்களப்பில் கண்டி மன்னனின் ஆட்களால் கொல்லப்பட்ட கதையும் உண்டு. அதிலிருந்து இரத்தத்தைக் கழித்தால் சொல்ல அதிகம் மிஞ்சாது என்பதால் அதை ஒதுக்கிவிட்டேன்.

கோட்டைக் கதை தொடக்கத்தில் சப்பென்றுதான் இருக்கும். 1628இல் போர்த்துக்கீசர் கட்டிய கோட்டையை, தளபதி வெஸ்டர்வோல்டின் ஒல்லாந்தக் கப்பல்களும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படையும் சேர்ந்து 1638 மே 18 அன்று கைப்பற்றின. இதைப் பீரங்கியிலிருந்து தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் வகுப்பு கொட்டாவி விடும். ஆகவே ஐந்து நாள் கழித்துக் கைச்சாத்தான உடன்படிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்பது அதன் ஒரு விதி. மன்னனிடமிருந்த படியில் "மன்னர் விரும்பினால்" என்ற பொருளில் ஒரு தொடர் இருந்தது. ஒல்லாந்தரின் படியில் அது இல்லை. 1640இல் காலியும் நீர்கொழும்பும் வீழ்ந்தபோது, அந்தச் சிறு தொடர்தான் பெரும் பிணக்காயிற்று. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களத்தில் இன்றும் சொல்வது, போர்த்துக்கீசரை விரட்ட ஒல்லாந்தரோடு சேர்ந்த இந்தக் கூட்டணியைத்தான்.

இரண்டு வாசகங்களையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதி, வகுப்பை மன்னர் தரப்பு, ஒல்லாந்தர் தரப்பு என்று பிரித்தேன். பின்வரிசையில் எப்போதும் பேசாமலிருக்கும் ஒரு மாணவி எழுந்து, கையொப்பமிடும்போது இரண்டு படிகளையும் ஒருவராவது ஒப்பிட்டு வாசித்தாரா என்று கேட்டாள். மணி அடித்த பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

தரம் 5க்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்றும் ஹேர்மிஸ்தான்.