ராத்திரி 12 மணி, பிள்ளை இன்னும் வரவில்லை: எந்த வழி கைகொடுக்கும்?

11 மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளையை 12 ஆகியும் காணோம். ஹாலில் விளக்கு எரிகிறது, டிவி சத்தமில்லாமல் ஓடுகிறது. தெருவில் எந்த வண்டி வேகம் குறைந்தாலும் காது அங்கே போய்விடுகிறது. எனக்கு மகள் ஒன்று, மகன் ஒன்று. இரண்டு பேரும் பார்ட்டிக்குப் போக ஆரம்பித்த பிறகு பல வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டோம்.

முதலில் எல்லோரும் பிடிப்பது கறார் நேரம். 10 என்றால் 10. இதை மட்டம் தட்ட மாட்டேன். கிளம்ப நினைக்கிற பிள்ளைக்கு “எங்க வீட்ல விட மாட்டாங்கடா” என்று பழியை நம்மேல் போட்டுவிட்டு நழுவ இது நல்ல சாக்கு. ஐஸ்லாந்தில் இது சட்டமாகவே இருக்கிறது. 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் பெரியவர் துணையில்லாமல் வெளியே இருக்கக் கூடாது. கோடையில் 12 மணி வரை விடுவார்கள். ஊருக்கே ஒரே நேரம் என்றால் “அவன் வீட்ல மட்டும் விடுறாங்க” என்ற பேச்சுக்கே இடமில்லை. நம்மால் சட்டம் போட முடியாது, ஆனால் கூட்டாளிகளின் பெற்றோர் நாலு பேரோடு பேசி ஒரே நேரத்தைச் சொல்ல முடியும். நாங்கள் பேசினோம், சண்டை பாதியாகக் குறைந்தது.

சிக்கல் எங்கே என்றால், 9.50க்குத்தான் பிள்ளைக்கு நேரம் ஞாபகம் வரும். அப்புறம் யாரோ ஒருவன் வண்டியில் தொற்றிக்கொண்டு பறந்து வரும். வண்டி ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்து கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் சோதித்துப் பார்த்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது துணிந்து ஆபத்தில் இறங்குவது பெரியவர்களைவிடப் பதின்பருவத்தினரிடம்தான் அதிகம். அதே கூட்டம் நிஜ வண்டியில், வீட்டுத் திட்டுக்குப் பயந்து விரட்டிக்கொண்டு வந்தால்? அதனால் எங்கள் வீட்டு விதியைக் கொஞ்சம் திருத்தினோம். தாமதமாகும் என்று முன்னாலேயே போன் வந்துவிட்டால் அது தாமதமே இல்லை.

அடுத்தது, முழித்திருந்து வாசலிலேயே பிடிப்பது. அதில் நான் ஒவ்வொரு தடவையும் தோற்றேன். பருவ வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் உடம்பில் சுரப்பதே தள்ளிப்போகிறது. 1 மணிக்கு அவன் தெளிவாக நிற்கிறான். நான் கொட்டாவி விட்டுக்கொண்டு, போன வருஷத்துக் கதையெல்லாம் இழுத்துக் கத்துகிறேன். வாதம் அவன் பக்கம் போகாமல் என்ன செய்யும்! ஆனால் முழித்திருப்பதை மொத்தமாகக் கைவிடாதீர்கள். இரண்டு நிமிஷம் முகத்தைப் பார்க்க அது வேண்டும். குடித்திருக்கிறான் என்று தெரிந்தால் “தூங்கினால் சரியாகிவிடும்” என்று அறைக்கு அனுப்பிவிடக் கூடாது. குடிப்பதை நிறுத்திய பிறகும் ரத்தத்தில் ஆல்கஹால் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கூடவே இருக்க வேண்டும். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸ். விசாரணை மறுநாள் சாப்பாட்டுக்கு அப்புறம்.

போனில் இருப்பிடம் பார்ப்பது மூன்றாவது. அவசரத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அந்த நீலப் புள்ளி மூன்று மணி நேரம் நண்பன் வீட்டிலேயே ஆடாமல் அசையாமல் இருந்தது. நிம்மதியாகப் படுக்கப் போனேன். போன் மட்டும்தான் அங்கே சார்ஜில் கிடந்தது, பையன் வேறெங்கோ. ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இரண்டு பேர் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, பிள்ளைகள் தாமாக வந்து சொன்னதுதான். துருவிக் கேட்டும் கண்காணித்தும் கிடைத்தது கொஞ்சம்தான். புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சொல்கிற வாயும் மூடிக்கொள்ளும் என்பது என் கணக்கு.

வீட்டிலேயே பார்ட்டி வைத்துக்கொள்ளச் சொல்வதும் ஒரு வழிதான். 13, 14 வயதுக்குச் சரி, அதற்கு மேல் யாரும் வர மாட்டார்கள்.

என் ஓட்டு, “எப்போது கூப்பிட்டாலும் கேள்வி கேட்காமல் வந்து கூட்டிக்கொண்டு போவேன்” என்ற வழிக்கு. இதிலும் கஷ்டம் உண்டு. தூக்கம் போகும். இரவு வேலை பார்ப்பவர்களுக்கும் வண்டி இல்லாதவர்களுக்கும் தனியாகச் சமாளிக்க முடியாது, இன்னொரு பெற்றோரோடு முறை வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லாவற்றையும்விடக் கஷ்டம், நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா வருவது.

ஒரு தடவை 12.10க்கு மகளிடமிருந்து போன். “அப்பா, தலை வலிக்குது, வந்து கூட்டிட்டுப் போறீங்களா?” தலைவலி என்றால் உடனே கிளம்பு என்று எங்களுக்குள் ஏற்கனவே பேச்சு. போனபோது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். பத்து நிமிஷம் பேச்சே இல்லை. இரண்டு பேருக்கும் கண் ரோட்டில். அப்புறம் அவளே ஆரம்பித்தாள்: “கொண்டுவந்து விடுறேன்னு சொன்ன அண்ணா குடிச்சிருந்தாங்கப்பா. ஏறப் பயமா இருந்துச்சு.” எந்த அண்ணா என்று கேட்க வாய் வரை வந்தது. “ம்” என்று மட்டும் சொன்னேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்த அண்ணா யார், பாட்டிலை யார் கொண்டுவந்தது, யார் அழுதது, எல்லாம் சொல்லிவிட்டாள்.

இப்போது மகனின் முறை. 10 மணியை 11 ஆக்கப் பேரம் நடந்து 10.30இல் நிற்கிறது. அவன் போகிற சனிக்கிழமைகளில் வண்டிச் சாவி என் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.