ஏற்காட்டில் விற்கும் 'மூலிகை சன்ஸ்கிரீன்' டப்பாவை வாங்காதீர்கள்

ஏற்காடு ஏரிப் பக்கம் யூகலிப்டஸ் எண்ணெய், மிளகு, ஹோம்மேட் சாக்லேட் விற்கும் கடைகளில் ஒன்றில், 'மூலிகை சன்ஸ்கிரீன்' என்று ஒரு வெள்ளை டப்பா கொடுக்கிறார்கள். 450 ரூபாய் போனதைக்கூட விட்டுவிடலாம். சேலத்தில் தோல் மருத்துவரிடம் பல மாதம் காட்டி, கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்த என் தங்கையின் மங்கு மறுபடி கருத்துவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கோடை விழாவுக்குப் போயிருந்தோம். மருத்துவர் எழுதிக்கொடுத்த சன்ஸ்கிரீன் டியூப் அவள் பையிலேயே இருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதெல்லாம் கெமிக்கல், ரத்தத்துல கலந்துடும். நம்மளுது மலை மூலிகை, எஸ்.பி.எஃப். 100. காலையில ஒரு தடவை போட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்கும்" என்றார். எஸ்.பி.எஃப். என்பது வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண். அவளும் நம்பி அந்த டப்பாவில் இருந்ததையே பூசிக்கொண்டாள். பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் என்று மாலை வரை சுற்றினோம். லேசான மேகம், குளுகுளு காற்று, சுடுவதே தெரியவில்லை. இரவில் முகம் சிவந்து எரிய ஆரம்பித்தது.

குளிர்ச்சியாக இருப்பதால் மலையில் வெயில் குறைவு என்று நினைக்க வேண்டாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஏற்காடு சேலத்தைவிட 1,000 மீட்டருக்கும் மேல் உயரம். மெல்லிய மேகமும் அந்தக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது.

'ரத்தத்தில் கலக்கும்' என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆட்கள் நம்புகிறார்கள். 2019, 2020-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நடத்திய சோதனைகளில், சன்ஸ்கிரீனில் சேர்க்கும் அவோபென்சோன், ஆக்ஸிபென்சோன் போன்ற சில பொருட்கள் ரத்தத்தில் சேர்வது தெரிந்தது. சேர்வதாலேயே கெடுதல் என்று அவர்கள் சொல்லவில்லை; மேலும் ஆய்வு தேவை, சன்ஸ்கிரீனை நிறுத்த வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அப்படியும் பயமாக இருந்தால் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளதை வாங்கலாம். இவை தோலின் மேலேயே நின்றுவிடும். மங்கு உள்ளவர்களுக்கு, அயர்ன் ஆக்சைடு கலந்து லேசாக நிறம் சேர்த்த வகை இன்னும் நல்லது என்றார் எங்கள் மருத்துவர். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கருக்கவைக்குமாம்.

அந்தக் கடையில் சொன்ன 100 எங்கிருந்து வந்தது? சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துப் பார்த்துத்தான் அந்த எண்ணைப் போட வேண்டும். எஸ்.பி.எஃப். 30 இருந்தாலே, தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதம் தடுக்கப்படும், 50 என்றால் சுமார் 98. இன்னொரு வகையான புற ஊதா ஏ கதிருக்கு பி.ஏ. என்று போட்டு அருகில் கூட்டல் குறிகள் இருக்கும்; குறிகள் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும். எத்தனை எண் போட்டிருந்தாலும் வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். காலையில் பூசினால் மாலை வரை தாங்கும் என்பது சுத்தப் பொய். இயற்கையானது என்று பலர் பூசும் கற்றாழையும் தேங்காய் எண்ணெயும் தோலுக்கு இதமானவைதான், ஆனால் வெயிலை நம்பும்படி தடுக்காது.

மறுநாள் டப்பாவோடு போய்க் கேட்டோம். "உடம்புச் சூடு வெளியேறுது, பத்து நாள்ல சரியாயிடும்" என்றார். பில் கேட்டால் தரவில்லை. டப்பாவைத் திருப்பிப் பார்த்தோம்: தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி எதுவுமே இல்லை. நம் நாட்டில் சன்ஸ்கிரீன் அழகுசாதனச் சட்டத்துக்குள் வரும் பொருள்; இவையெல்லாம் அச்சிட்டே ஆக வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம். மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுக்கப் போகிறோம். உங்களில் யாராவது வாங்கியிருந்தால், பூசுவதை உடனே நிறுத்துங்கள். டப்பாவை எறிந்துவிடாதீர்கள், அதையும் பணம் அனுப்பிய யுபிஐ விவரத்தையும் வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.