சைபர் செக்யூரிட்டி எம்.எஸ்சி. சீட் என்று சொல்லி 72,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள், வடசென்னைப் பிள்ளைகள் உஷார்

72,000 ரூபாய். "அது ப்ராசஸிங்ல போயிடுச்சு மேடம், திரும்ப வராது" என்று பணம் வாங்கிய கல்வி ஆலோசனை மையத்தில் இன்று மதியம் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்கள். மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

நான் பி.காம். பிளஸ் டூவில் வணிகவியலோடு கணினிப் பயன்பாடு எடுத்தேன், கணிதம் கிடையாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு க்ளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. போன வருஷம் எங்கள் சப்ளையர் பெயரிலேயே ஒரு மெயில் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது, வங்கிக் கணக்கு எண் மட்டும் புதுசு. அனுப்பியவரின் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்ததை நான் பார்த்ததால் பணம் தப்பியது. அன்றிலிருந்துதான் சைபர் செக்யூரிட்டி படிக்க வேண்டும் என்ற ஆசை.

படிக்கலாம், சரி. பி.சி.ஏ. மாதிரி கணினி சார்ந்த இன்னொரு இளநிலைப் பட்டத்தை முதலிலிருந்து மூன்று வருஷம் படிப்பதா, இல்லை நேராக எம்.எஸ்சி.க்குப் போவதா? எனக்கு வயது 27. மூன்று வருஷம் என்றதும் அம்மா முகம் வாடிவிட்டது. இதைக் கேட்கத்தான் பெரம்பூர்ப் பக்கம் மாடியில் இயங்கும் ஒரு கல்வி ஆலோசனை மையத்துக்குப் போனோம். பெயர் எழுதவில்லை. ஆன்லைன் பட்டம், அட்மிஷன், இலவச ஆலோசனை என்று போர்டு வைத்திருக்கும் வகை.

அங்கே இருந்த பையன் அவசரப்படுத்தவே இல்லை. அதுதான் எங்களை நம்ப வைத்தது. மார்க் ஷீட்டை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தான். "அக்கா, உங்களுக்கு பி.சி.ஏ. வேணாம், மூணு வருஷம் வீண். எந்த டிகிரியா இருந்தாலும் எம்.எஸ்சி.ல எடுத்துக்குவாங்க" என்றான். எங்கள் எதிரிலேயே யாருக்கோ போன் போட்டு, "சார், பி.காம். கேண்டிடேட், எலிஜிபிள்தானே?" என்று ஸ்பீக்கரில் கேட்டான். அந்தப் பக்கம் "தாராளமா அனுப்புங்க" என்றார்கள். அம்மா அப்போதும் விடவில்லை. "இவ கணக்கே படிக்கலையேப்பா, கம்ப்யூட்டர் டிகிரியும் இல்ல, சேத்துப்பாங்களா?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். அதற்கு அவன், "அம்மா, என் தங்கச்சியும் பி.காம்.தான், இதே கோர்ஸ்தான் படிக்குது" என்று சொல்லி ஒரு பெண்ணின் அடையாள அட்டைப் படத்தைக் காட்டினான். பெற்ற தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்.

அம்மா கட்டிவந்த ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தோம். கழிவு போக வந்ததில் 72,000 ரூபாயை இரண்டு தவணையாக யூபிஐயில் அனுப்பினேன். பணம் போனது ஒரு தனி ஆளின் கணக்குக்கு. மையத்தின் கணக்கில் லிமிட் முடிந்துவிட்டது என்றான். அந்தச் சீட்டுக்கு அம்மா இன்னும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் ஆரம்பித்தது. போர்ட்டல் அப்டேட் ஆகவில்லை. சார் லீவு. சர்வர் டவுன். என்ரோல்மெண்ட் நம்பர் அடுத்த வாரம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால் வேறொரு பெண் உட்கார்ந்திருப்பாள், "அவர் ஃபீல்டுக்குப் போயிருக்கார், உக்காருங்க" என்பாள். உட்கார்ந்தே சாயங்காலம் ஆகும்.

கடைசியில், சீட் வாங்கித் தருவதாக அவன் சொன்ன பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக போன் செய்தேன். என் பெயரில் விண்ணப்பமே இல்லை. அதைவிடப் பெரிய இடி, எனக்குத் தகுதியே இல்லை. அவர்களுடைய கையேட்டிலேயே தெளிவாகப் போட்டிருக்கிறது: கணினி அல்லது தகவல் தொழில்நுட்பம் சார்ந்த இளநிலைப் பட்டம் வேண்டும். அதாவது என் கேள்விக்கு விடை அந்த ஒரு வரியில் இருந்தது. அதைத் தெரிந்தே மறைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லிச் சண்டை போட்டபோது அவன் கூச்சமே இல்லாமல் புதுத் திட்டம் கொண்டுவந்தான். இன்னும் 30,000 கட்டினால் பி.சி.ஏ.வையும் எம்.எஸ்சி.யையும் ஒரே நேரத்தில் போட்டுவிடலாமாம், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே 2022-இல் அனுமதித்துவிட்டதாம். ஒரே சமயத்தில் இரண்டு படிப்பு படிக்கலாம் என்று 2022-இல் வந்தது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தகுதி இருக்க வேண்டும். பி.சி.ஏ. முடிக்காமல் அந்த எம்.எஸ்சி.க்கு எப்படித் தகுதி வரும்? பாதி உண்மையைக் காட்டி மறுபடியும் பிடுங்கப் பார்க்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ரசீதின் அடியில் பொடி எழுத்தைக் காட்டினான். 72,000 ரூபாயும் "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று போட்டிருக்கிறது. இலவச ஆலோசனை என்றுதானே போர்டு வைத்திருக்கிறீர்கள்!

எந்தப் படிப்பு யாருக்குச் சரி என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனசில்லை. சிலதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தகுதியை மையத்தில் கேட்காதீர்கள், பல்கலைக்கழகத்தின் கையேட்டில் நீங்களே படியுங்கள். கணினிப் பட்டம் இல்லாதவர்கள் எம்.சி.ஏ. என்ற கணினி முதுநிலைப் படிப்பையும் பாருங்கள். பிளஸ் டூவிலோ பட்டத்திலோ கணிதம் இருந்தால் பல இடங்களில் எந்தப் பட்டதாரியையும் எடுக்கிறார்கள், இப்போது இரண்டே வருஷம். என்னைப் போலக் கணிதமும் இல்லையென்றால் பி.சி.ஏ.தான் நேர்வழியாக இருக்கலாம், அதைக் கேவலமாகப் பேசுபவனை நம்ப வேண்டாம். தொலைநிலை, ஆன்லைன் படிப்பு என்றால் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் படிப்பின் பெயரே இருக்கிறதா என்று தேடுங்கள். 2024 முதல் இந்த வகைப் படிப்பில் சேர டெப் ஐடி (DEB ID, அந்தப் பிரிவின் மாணவர் அடையாள எண்) வேண்டும், அதை மாணவர்தான் உருவாக்க வேண்டும். என்னிடம் அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சேர்க்கையே போடவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? கட்டணத்தைத் தனி ஆள் கணக்குக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

பணம் இப்போதுதான் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நான் அங்கே பதிந்துவிட்டேன், நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை அங்கே மனுக் கட்டணம் கிடையாது. 72,000 ரூபாயை விடப்போவதில்லை. இதே மாதிரி பெரம்பூர்ப் பக்கம் மாடி மையத்தில் கட்டியவர்கள் யாராவது இருந்தால் வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள், எனக்குச் செய்தி அனுப்புங்கள். சேர்ந்தே மனு கொடுப்போம்.