மேப்பிளின் பட்டையும் இலையும்: ஒரு மரப் பரிசோதனைச் சேவை பற்றிய மதிப்பீடு

டொராண்டோவின் புறநகர்க் குடியிருப்புகளில் வீட்டு முற்றத்துக்கென்று அதிகம் விற்பனையாகும் அழகு மரங்களுள் 'ஆட்டம் பிளேஸ்' மேப்பிளும் ஒன்று. செம்மேப்பிளும் வெள்ளி மேப்பிளும் கலந்த இந்த இனம் வேகமாக வளரும். இலையுதிர்காலத்தில் நன்றாகச் சிவக்கும். எங்கள் மரமோ கோடையிலேயே மஞ்சளாகி, அடிமரத்தின் ஒரு பக்கத்தில் பட்டையும் வெடித்து நின்றதால், சர்வதேச மரவளர்ப்புச் சங்கத்தின் சான்றிதழ் பெற்ற ஒருவரின் பரிசோதனைச் சேவையைக் கட்டணம் செலுத்திப் பெற்றோம். மரம் வெட்டும் நிறுவனங்கள் பல இலவசமாகவே வந்து பார்க்கின்றன என்றாலும், அந்தப் பார்வை பெரும்பாலும் மருந்துக்கோ வெட்டுக்கோ உரிய விலைச்சீட்டில்தான் போய் முடிகிறது.

வந்தவர் இலையை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே மண்டியிட்டு, அடிமரத்தைச் சுற்றிக் குவித்திருந்த மரச்சீவல் மூடாக்கைக் கையால் விலக்கத் தொடங்கினார். மண்ணைத் தொடும் இடத்தில் அகன்று விரிய வேண்டிய மரம், நட்டுவைத்த கம்பம்போல நேராக இறங்கியிருந்தது. நாற்றங்கால்காரர்கள் அதை ஆழமாக நட்டுவிட்டார்கள் என்பதற்கு அதுவே முதல் சான்று என்றார். சிறிய கரண்டியால் மேலும் தோண்டியபோது, விரல் பருமனுள்ள ஒரு வேர் அடிமரத்தைக் குறுக்காக அழுத்திக்கொண்டு கிடந்தது. அதற்குச் சற்று மேலே, கணுக்கால் உயரத்தில், புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு கீறிய பழைய தழும்புகள் இருந்தன.

வெடிப்பு தென்மேற்குப் பக்கத்தில் மட்டும் இருந்ததை அவர் முக்கியமாகக் கருதினார். பனிக்காலத்தின் பிற்பகுதியில் பிற்பகல் வெயில் அந்தப் பக்கத்துப் பட்டையைச் சூடாக்கி உயிரணுக்களை விழிக்கச் செய்கிறது. சூரியன் மறைந்ததும் வெப்பநிலை சட்டென்று விழ, அவை மடிந்துவிடுகின்றன. பட்டை மெல்லியதாக உள்ள இளம் மேப்பிள்களில் இது சாதாரணம். காயத்தின் விளிம்பில் புதுத் திசு உருண்டு மூடி வருவதைக் காட்டி, அதன்மேல் எந்தப் பூச்சும் தடவக் கூடாது என்றும் சொன்னார். 2003இல் டொராண்டோவுக்கும் அதை அடுத்துள்ள வான் (Vaughan) நகருக்கும் இடையிலான எல்லையிலும், 2013இல் மிசிசாகாவிலும் கண்டறியப்பட்டு, 2020இல் முற்றாக ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட மேப்பிள் மரங்களைத் துளைத்து அழிக்கும் ஆசிய நீளக்கொம்பு வண்டின் வட்டத் துளைகளையும் விடாமல் தேடினார். அப்படி எதுவும் இல்லை.

இலைகளைப் பொறுத்தவரை நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளிறியிருந்தது. நுனிக் கிளைகளின் புது இலைகளில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. வறட்சியோ, சாலையில் தூவும் உப்போ காரணமென்றால் முதலில் ஓரங்கள்தான் கருகும். மண்ணிலுள்ள பூஞ்சையால் வரும் வெர்ட்டிசிலியம் வாடல் நோயென்றால் பெரும்பாலும் ஏதாவது ஒரு கிளை தனியாக வாடும். அந்தக் கிளையின் சாற்றுக்கட்டையில், அதாவது பட்டைக்கு அடியில் நீரைக் கடத்தும் மரப்பகுதியில், ஆலிவ் பச்சைக் கோடுகளும் தென்படக்கூடும். ஒரு கிளையை வெட்டிக் குறுக்காகவும் நெடுக்காகவும் சீவிக் காட்டினார். உள்ளே வெண்மையாகவே இருந்தது. மண் ஆய்வு முடிவில் அமில-கார அளவு (pH) 7.8 என்று, அதாவது மண் சற்றுக் காரமானது என்று வந்தது. இத்தகைய மண்ணில் மாங்கனீசும் இரும்பும் இருந்தாலும் வேரால் அவற்றை உறிஞ்ச முடிவதில்லை என்பதையும், நெரிக்கும் வேர் அந்தக் குறையை மேலும் மோசமாக்கியிருக்கலாம் என்பதையும் அறிக்கை தெளிவாக விளக்கியது. பட்டைக் காயத்துக்கும் இலை வெளிறலுக்கும் ஒரே நோய்தான் காரணம் என்று வைத்துக்கொண்டு மருந்து விற்பவர்களிடமிருந்து இவர் வேறுபடுவது இங்கேதான்.

பரிந்துரைகள் எளிமையானவை: மூடாக்கை அடிமரத்தில் படாமல், ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்தில் அகலமாகப் பரப்புவது, நெரிக்கும் வேரை வெட்டுவது, பனிக்காலத்தில் வெண்ணிறக் காப்புறை சுற்றுவது. அடிமரத்தில் மாங்கனீசு செலுத்துவது சில பருவங்களுக்கு மட்டுமே பலன் தரும் என்று அவரே சொல்லிவிட்டு, அதை நம்மிடம் விற்க முனையவில்லை.

குறைகளும் உண்டு. 200 டாலரைத் தாண்டிய கட்டணத்தில் ஆய்வகச் செலவு சேராது என்பது முன்பதிவின்போது சொல்லப்படவில்லை. அறிக்கை தாமதமாக வந்தது. அதிலுள்ள படங்களில் எந்தக் காயம் எது என்ற குறிப்பும் இல்லை. கந்தகம் இட்டு மண்ணின் காரத்தைக் குறைப்பது பற்றி "தேவையெனில்" என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டது, இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவருக்குப் பொருந்தவில்லை.

நார்வே மேப்பிளின் இலைகளில் தார் கொட்டியதுபோன்ற கரும்புள்ளிகள் மட்டுமே தெரிந்தால் இந்தச் செலவு வேண்டாம்; அது மரத்தைக் கொல்லாது, உதிர்ந்த இலைகளை வாரி அகற்றினால் போதும். பட்டையும் இலையும் சேர்ந்து கெடுவதைக் கண்டால் தயங்காமல் அழைக்கலாம். ஆனால் ஜூன், ஜூலையிலேயே அழைக்க வேண்டும். செப்டம்பர் முடிந்து மரம் நிறம் மாறத் தொடங்கிய பிறகு இந்த வெளிறலைப் பிரித்தறிவது கடினம்.