டெபாசிட் இல்லாத கரண்ட்: டெக்சாஸில் ஏழு மாத ப்ரீபெய்டு அனுபவம்

லீஸில் கையெழுத்து போட்டாகிவிட்டது, முதல் மாத வாடகையும் கட்டியாகிவிட்டது, ஆனால் அபார்ட்மென்ட் ஆபீஸில் சாவியைத் தரவில்லை. கரண்ட் கனெக்‌ஷன் உங்கள் பெயரில் இருக்கிறது என்று காட்டுகிற அக்கவுண்ட் நம்பர் வந்தால்தான் சாவி என்றார்கள். டாலஸுக்குப் பக்கத்தில் இர்விங், ஆகஸ்ட் மாதம், வெளியே 104 டிகிரி ஃபாரன்ஹீட். மனைவியும் இரண்டு வயது மகளும் ஹோட்டல் அறையில் இருந்தார்கள், அந்த அறைக்கு ஒவ்வொரு நாளும் காசு போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இந்த ஊருக்கு வந்து அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

நம்ம ஊரில் வாடகைக்குப் போகிறவருக்கு இந்த வேலையே கிடையாது. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பார்கள், வந்த தொகையைக் கட்டினால் முடிந்தது. இங்கே 2002 ஜனவரியிலிருந்து மாநிலத்தின் பெரும்பகுதியில் கரண்ட்டை விற்பவர் வேறு, கம்பியும் மீட்டரும் வைத்திருப்பவர் வேறு. டாலஸ் பக்கம் கம்பி ஆன்கோருடையது, ஹூஸ்டனில் சென்டர்பாயின்ட். விற்கிற கம்பெனியை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தக் கம்பெனி முதலில் கேட்பது சோஷியல் செக்யூரிட்டி நம்பர், அதாவது அமெரிக்க அரசு கொடுக்கும் அடையாள எண். எனக்கு அது இன்னும் வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடனையும் பில்லையும் ஒழுங்காகக் கட்டிய பதிவு, பூஜ்யம்தான். முதலில் கூப்பிட்ட கம்பெனி 300 டாலர் டெபாசிட் கேட்டது, அடுத்தது 250.

ஏன் இவ்வளவு என்று அன்றைக்குக் கோபமாக இருந்தது. யோசித்தால் காரணம் புரிகிறது. ஒரு மாதம் முழுக்க நாம் கரண்ட்டை ஓட்டுகிறோம், அதற்கப்புறம்தான் பில் வருகிறது, பில் வந்த பிறகும் கட்டுவதற்குக் குறைந்தது 16 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. ஆக, ஒருவர் கட்டாமல் காலி செய்துவிட்டுப் போனால் கம்பெனிக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதப் பணம் நஷ்டம். அதனால்தான் டெபாசிட்டின் உச்ச வரம்பும் அதே கணக்கில் இருக்கிறது: அடுத்த இரண்டு மாதத்துக்கு வரக்கூடிய பில், அல்லது ஒரு வருட பில்லில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டில் எது அதிகமோ அது. அதற்கு மேல் கேட்கக் கூடாது.

கையில் இருந்த பணம் வாடகைக்கும் பழைய காருக்கும் போயிருந்ததால், மூன்றாவதாகக் கூப்பிட்ட இடத்தில் ப்ரீபெய்டு எடுத்தேன். பாஸ்போர்ட் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள், டெபாசிட் இல்லை, கிரெடிட் செக் இல்லை, ஒப்பந்தக் காலம் இல்லை. 40 டாலர் போட்டேன். மதியம் இரண்டு மணிக்கு அக்கவுண்ட் நம்பர் கைக்கு வந்தது, ஐந்து மணிக்கு முன்னால் வீட்டில் ஏசி ஓடியது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் மார்க் போடு என்றால் ஐந்துக்கு ஐந்து. ஏழு மாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றுதான் கொடுப்பேன். கம்பெனி பெயரை எழுதவில்லை, ஏனென்றால் கீழே சொல்வதில் பெரும்பாலானவை எந்த ப்ரீபெய்டு கம்பெனிக்கும் பொருந்தும்.

வேலை செய்யும் விதம் செல்போன் ரீசார்ஜ் மாதிரிதான். ஸ்மார்ட் மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது, ஓடிய யூனிட்டுக்கான பணம் தினமும் நம் இருப்பிலிருந்து கழிகிறது. தினமும் காலையில் எஸ்எம்எஸ் வரும்: நேற்று இத்தனை யூனிட், இவ்வளவு மிச்சம், இது இத்தனை நாளைக்கு வரும். எங்கள் இரண்டு பெட்ரூம் வீட்டில் ஆகஸ்டில் ஒரு நாளைக்கு 38 யூனிட் வரை ஓடியது. யூனிட்டுக்கு எல்லாம் சேர்த்து 18 சென்ட், அதாவது நாளுக்கு ஏறக்குறைய 7 டாலர். முதலில் போட்ட 40 டாலர் ஆறு நாள்கூட வரவில்லை.

ஆனால் அந்த எஸ்எம்எஸ்ஸைத்தான் இந்தச் சேவையின் மிகச் சிறந்த அம்சம் என்று சொல்வேன். சாதாரண பில்லில் மாதக் கடைசியில்தான் அதிர்ச்சி. இதில் அடுத்த நாள் காலையிலேயே தெரிந்துவிடுகிறது. ஏசியை 72 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 77-க்கு ஏற்றி வைத்த நாளில் எட்டு யூனிட் குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். மனைவி துணி உலர்த்தும் மெஷினை நிறுத்திவிட்டு பாத்ரூமில் கொடி கட்டினாள், அதற்கும் பலன் தெரிந்தது. இன்றைக்கு வேறு திட்டத்தில் இருந்தாலும் அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வீட்டில் கரண்ட் போய்விட்டது. மனைவி போன் செய்தாள், ஊர் முழுக்கப் போயிருக்கும் என்று நினைத்து ஆன்கோரின் தளத்தைப் பார்த்தேன், எங்கள் பகுதியில் எந்தத் தடையும் காட்டவில்லை. அப்புறம்தான் உறைத்தது. வங்கி என் டெபிட் கார்டை மாற்றி அனுப்பியிருந்தது, ஆட்டோ-பேயில் பழைய கார்டு. எச்சரிக்கை அனுப்பினார்களா என்றால், அனுப்பியிருக்கிறார்கள். துண்டிப்பதற்கு ஒன்று முதல் ஏழு நாட்களுக்கு முன்னால் அனுப்பியாக வேண்டும் என்பது விதி. ஆனால் நான் அதற்கு முந்தைய வாரம் போன் நம்பரை மாற்றியிருந்தேன், எஸ்எம்எஸ் எல்லாம் பழைய நம்பருக்குப் போயிருக்கிறது. அவர்களிடம் என் ஈமெயில் இருந்தது, அதற்கு ஒரு வரிகூட வரவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டால் ஐம்பது நிமிடம் இசைதான் கேட்டது. கடைசியில் ஆப்பில் பணம் போட்டதும் நாற்பது நிமிடத்தில் கரண்ட் வந்துவிட்டது, ஆளே வர வேண்டியதில்லை, மீட்டரைத் தூரத்திலிருந்தே திறந்துவிடுகிறார்கள். துண்டித்ததற்கு ஒரு கட்டணம், திரும்பக் கொடுத்ததற்கு ஒரு கட்டணம், அதுவும் போட்ட பணத்திலேயே கழிந்தது.

எனக்கு வருத்தம் அந்தக் கட்டணத்தைப் பற்றி இல்லை. வீட்டில் குழந்தை இருக்கிறது, வெளியே வெயில், கதவைத் தட்டிச் சொல்ல ஒருவர் கிடையாது. கணினியில் ஒரு எண் வரம்புக்குக் கீழே போகிறது, கரண்ட் போகிறது. குழந்தையோ முதியவரோ இருக்கிற வீட்டில் இதை எடுப்பவர்கள் இரண்டு பேருடைய போன் நம்பரையும் ஈமெயிலையும் முதல் நாளே பதிவு செய்யுங்கள், இருப்பு 25 டாலருக்குக் கீழே விடாதீர்கள். மருத்துவக் கருவி ஓடியே ஆக வேண்டும் என்று பதிவு செய்யப்பட்ட நோயாளிகளுக்கு ப்ரீபெய்டு கொடுக்கவே கூடாது என்று விதி இருக்கிறது. அது எவ்வளவு நியாயமான விதி என்பது அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்குப் புரிந்தது.

பாதுகாப்புகளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நம் கவுன்டிக்கு (மாவட்டம் மாதிரி) தேசிய வானிலை மையம் வெப்ப எச்சரிக்கை கொடுத்திருந்தால் அன்றைக்குத் துண்டிக்கக் கூடாது, கடும் உறைபனிக்கும் அதே மாதிரி விதி உண்டு. ஆனால் அந்த நாட்களில் ஓடிய யூனிட் இலவசம் இல்லை, இருப்பு மைனஸில் போய்க்கொண்டே இருக்கும், பிறகு கட்டித்தான் ஆக வேண்டும். ஆரம்பத்தில் நம்மிடம் கேட்கும் தொகை 75 டாலருக்கு மேல் போகக் கூடாது. துண்டிக்கும் வரம்பை 10 டாலருக்கு மேல் வைக்கக் கூடாது.

இப்போது முக்கியமான கணக்கு. அதே அபார்ட்மென்ட்டில், அதே அளவு வீட்டில், ஆபீஸ் நண்பர் ஒருவர் ஒரு வருட ஒப்பந்தத்தில் யூனிட்டுக்கு 13 சென்ட் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு 18. ஏழு மாதத்தில் நாங்கள் ஓட்டியது சுமார் 5,500 யூனிட். ஜனவரியில் ஹீட்டரும் கரண்ட்டில் ஓடியதால் அந்த மாதம் நினைத்ததை விட அதிகம். 5,500 யூனிட்டுக்கு ஐந்து சென்ட் வீதம் 275 டாலர். அதாவது முதல் நாள் கட்ட முடியாது என்று நான் தவிர்த்த டெபாசிட்டின் அளவுக்கே பணம் கூடுதலாகப் போயிருக்கிறது. டெபாசிட்டாகக் கட்டியிருந்தால், 12 மாதம் தவணை தவறாமல் பில் கட்டிய பிறகு வட்டியோடு திரும்ப வந்திருக்கும். இது வராது. டெபாசிட் இல்லை என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை, அது எனக்கு உண்மையாகவே மனக்குறை.

அதனால் யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்கிறேன்: 300 டாலர் கையில் இருந்தால் டெபாசிட்டைக் கட்டிவிட்டு ஒரு வருடத் திட்டம் எடுங்கள். இல்லையென்றால் ப்ரீபெய்டு எடுங்கள், ஆனால் நாலைந்து மாதத்தில் வெளியே வந்துவிடுங்கள். நான் ஏழு மாதம் இருந்தது அதிகம்.

அதற்கும் முன்னால், டெபாசிட்டே கேட்கக் கூடாதவர்கள் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பாருங்கள், கம்பெனிக்காரர்கள் தாங்களாக முன்வந்து சொல்வது அபூர்வம். ஏற்கெனவே டெக்சாஸில் இருந்து வீடு மாறுகிறவர் என்றால், கடந்த இரண்டு வருடத்துக்குள் வேறு கம்பெனியில் கனெக்‌ஷன் வைத்திருந்து, கடைசி 12 மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் தாமதிக்காமல் கட்டியிருந்தால், பழைய கம்பெனியிடம் அதற்கு ஒரு கடிதம் வாங்கிக் காட்டினால் போதும். கனெக்‌ஷன் எடுப்பவருக்கு 65 வயது ஆகியிருந்து, பழைய பாக்கி எதுவும் இல்லையென்றால் அதுவும் போதும். நண்பர் ஒருவரின் மாமனார் கிரீன் கார்டில் வந்து அந்த நண்பர் வீட்டிலேயே இருக்கிறார், அவர் பெயரில் எடுத்ததால் ஒரு காசு டெபாசிட் கட்டவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறி வந்தவர்களுக்கும் உரிய சான்றுக் கடிதம் இருந்தால் டெபாசிட் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை நம் பெண்கள் பலருக்கு யாரும் சொல்வதில்லை. தனியாக வீடு எடுக்க வேண்டிய நிலையில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர் காதில் போடுங்கள்.

திட்டம் தேடுவதற்கு மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையமே நடத்தும் பவர் டு சூஸ் என்ற தளம் இருக்கிறது. அதில் ப்ரீபெய்டைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். விலையை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு திட்டத்துக்கும் உள்ள விவரத்தாளைத் திறந்து, 500, 1000, 2000 யூனிட் மூன்றுக்கும் சராசரி விலை என்ன என்று பாருங்கள். 1000-க்கு மட்டும் விலை சட்டென்று குறைந்து 500-க்கு எகிறினால், குறிப்பிட்ட யூனிட்டைத் தொட்டால்தான் தள்ளுபடி என்று அர்த்தம், சின்ன வீட்டுக்கு அது ஆகாது. ப்ரீபெய்டில் கூடுதலாக தினசரிக் கட்டணம், பணம் போடும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம், துண்டிப்பு, மறு இணைப்புக் கட்டணம் இந்த நான்கையும் தேடுங்கள். ஆஸ்டின், சான் அன்டோனியோவில் கரண்ட் நகராட்சியுடையது, அங்கே கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை, டெபாசிட் விதியும் அவர்களுடையது.

மலிவான கம்பெனியை எடுத்தால் கரண்ட் அடிக்கடி போகுமா என்று பலர் கேட்கிறார்கள். போகாது. கம்பி ஒன்றுதான், புயலில் அறுந்தால் எல்லாருக்கும் சேர்ந்துதான் அறும்.

மார்ச்சில் சாதாரணத் திட்டத்துக்கு மாறினேன். அதற்குள் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வந்து, வங்கியில் 300 டாலர் போட்டு எடுத்த செக்யூர்டு கிரெடிட் கார்டு ஆறு மாதம் ஓடியிருந்தது, புதுக் கம்பெனி கிரெடிட் செக் செய்துவிட்டு டெபாசிட் வேண்டாம் என்றது. பழைய கம்பெனிக்கு நான் போன்கூடச் செய்யவில்லை, மாற்றும் வேலையைப் புதியவர்களே பார்த்துக்கொண்டார்கள், ஒரு நிமிடம்கூட கரண்ட் போகவில்லை. மாறும் தேதி தெரிந்ததும் ஆட்டோ-பேயை நானே நிறுத்தினேன், இல்லையென்றால் கடைசி வாரத்திலும் கார்டிலிருந்து எடுத்திருப்பார்கள். மிச்சமிருந்த 22 டாலர் பதினோராம் நாள் செக்காகத் தபாலில் வந்தது.