வேமத் கடற்கரை: நகர மன்றமா, டோர்செட் மன்றமா?

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வேமத் நகருக்கு 2019 ஏப்ரல் 1 முதல் இரண்டு எசமானர்கள். பழைய வேமத் - போர்ட்லண்ட் மன்றம் கலைக்கப்பட்ட அன்று அதன் வேலைகள் வேமத் நகர மன்றத்துக்கும், சுற்றுவட்டாரத்தின் பல ஊர்களையும் சேர்த்து ஆளும் பெரிய டோர்செட் மன்றத்துக்கும் பிரிந்தன.

மணற்கரை, பூங்காக்கள், பொதுக் கழிப்பறைகள் எல்லாம் நகர மன்றத்தின் பாடு. கோடைப் பயணி திட்டுவதும் பாராட்டுவதும் பெரும்பாலும் இவற்றைத்தான். சாலை, பள்ளி, முதியோர் பராமரிப்பு, வீட்டுக் குப்பை, துறைமுகம் ஆகியவை டோர்செட்டின் பொறுப்பு. அதன் தலைமையகமோ கடலே இல்லாத டோர்செஸ்டரில் இருக்கிறது!

கட்டட அனுமதியில்தான் வேறுபாடு உறைக்கும். கடலோரத்தில் ஒருவர் அடுக்குமாடி எழுப்ப விண்ணப்பித்தால், நகர மன்றம் கருத்துச் சொல்லலாம். முடிவு டோர்செட்டின் கையில். ஊர்க்காரர்கள் தெருவில் மடக்கிக் கேள்வி கேட்பதென்னவோ நகர மன்ற உறுப்பினரைத்தான்.

இரண்டு மன்றங்களுக்கும் வீட்டார் கட்டும் உள்ளாட்சி வரி ஒரே பில்லில் வரும். டோர்செட் தன் பங்கை அரசு விதித்த வரம்புக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். நகர மன்றங்களுக்கு அந்தக் கடிவாளம் இதுவரை போடப்படவில்லை. சிறிய மன்றத்துக்கு இது நியாயமான சலுகை என்றே எனக்குப் படுகிறது. வாங்கும் தொகை குறைவு, செலவும் கண்ணெதிரே தெரிகிறது.

கழிப்பறை பூட்டிக் கிடந்தால் நகர மன்றத்தைக் கூப்பிடுங்கள். சாலையில் பள்ளம் விழுந்தால் டோர்செட்டை.