விவால்டி பிரவுசர்: மெய்ப்பு பார்க்கிற கண்ணுக்கு எப்படி இருக்கிறது?

மெய்ப்பு பார்ப்பது என் வேலை. மூலப் பிரதி ஒரு டேபில், தட்டச்சான பிரதி இன்னொன்றில், அகராதி வேறொன்றில், நூலாசிரியரோடு நடக்கும் மெயில் பேச்சு மற்றொன்றில் என்று நாள் முழுக்க டேப்களுக்கு இடையேதான் இருப்பேன். இதுவரை வைத்திருந்த பிரவுசரில் டேப் கூடக்கூடத் தலைப்புகள் சுருங்கி, கடைசியில் வெறும் ஐகான்கள்தான் மிஞ்சும். எது எங்கே என்று தேடுவதிலேயே பாதி கவனம் போய்விடும். அதனால்தான் விவால்டியை இறக்கினேன்.

முதல் தடவை திறந்ததும் அது கேள்வி கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியது. பழைய பிரவுசரின் புக்மார்க்குகளைக் கொண்டுவரலாமா, நாம் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறோம் என்று பின்தொடரும் டிராக்கர்களை மட்டும் தடுத்தால் போதுமா, விளம்பரங்களையும் சேர்த்துத் தடுக்க வேண்டுமா, டேப் வரிசை மேலேயா, கீழேயா, இடமா, வலமா? நான் இடப்பக்கம் வைத்துக்கொண்டேன். ‘அத்தியாயம் 7 – மூலம்’, ‘அத்தியாயம் 7 – இரண்டாம் மெய்ப்பு’ என்று தலைப்புகள் ஒன்றன் கீழ் ஒன்றாக முழுசாகத் தெரிகின்றன. அகலமான திரையில் ஓரத்து இடம் எப்படியும் சும்மாதான் கிடக்கிறது. அது இப்போது உபயோகமாகிறது.

ஆனால் நான் இதிலேயே தங்கிவிட நினைப்பதற்குக் காரணம் டேப் டைலிங். கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி இரண்டு டேப்களைக் கிளிக் செய்து, கண்ட்ரோல்-எஃப்9 தட்டினால் இரண்டு பக்கங்களும் ஒரே விண்டோவில் அக்கம்பக்கமாக நிற்கின்றன. நடுக்கோட்டை இழுத்து எதற்கு எவ்வளவு அகலம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். இப்படி வைத்துப் படித்த முதல் அத்தியாயத்திலேயே ஒரு விடுபடல் கிடைத்தது. மூலத்தில் அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்கள் ‘என்று சொன்னார்’ என முடிகின்றன. தட்டச்சு செய்தவரின் கண் முதல் ‘சொன்னார்’ முடிந்ததும் இரண்டாவதற்குத் தாவியிருக்கிறது. நடுவில் ஒரு வாக்கியமே காணோம். பிரதியைத் தனியாகப் படித்தால் இது பிடிபடாது, ஏனென்றால் பொருள் தடங்கலில்லாமல் ஓடுகிறது. பக்கத்தில் மூலம் இருந்ததால் பத்தியின் உயரத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது.

இரண்டு விண்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் நடுவில் மெயில் பார்க்கப் போய்த் திரும்பினால் அந்த அடுக்கு குலைந்துவிடும். இங்கே வேறு டேபுக்குப் போய்விட்டு, ஜோடியில் ஒன்றைக் கிளிக் செய்தால் இரண்டும் சேர்ந்தே திரும்பி வருகின்றன.

ஓரத்துப் பேனலில் குறிப்பெடுக்கும் வசதியும் எனக்குப் பெரிய உதவி. சந்தேகமான வரியைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக்கில் குறிப்பாகச் சேமித்தால், அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்ற முகவரியும் கூடவே பதிவாகிறது. எஃப்2 தட்டினால் ஒரு பெட்டி திறக்கும். தலைப்பில் உள்ள ஏதாவது ஒரு சொல்லை அடித்தால் திறந்திருக்கும் டேப், புக்மார்க், ஹிஸ்டரி எல்லாவற்றிலும் தேடிக் கொடுக்கிறது. ஒரு டேபை இன்னொன்றின் மேல் இழுத்துப் போட்டு அடுக்காக்கலாம். நான் ஒரு புத்தகத்துக்கு ஓர் அடுக்கு வைத்திருக்கிறேன்.

பழைய ஓபரா பிரவுசரில் பழகியவர்களுக்கு இதெல்லாம் கைக்குப் பழக்கமானதாகவே இருக்கும். 1995இல் ஓபரா நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான யோன் வான் டெட்ச்னர்தான் விவால்டியையும் தொடங்கியவர். 2013இல் ஓபரா, இணையப் பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் தன் சொந்த பிரெஸ்டோ எஞ்சினைக் கைவிட்டு, கூகுளின் குரோம் பிரவுசருக்கு அடித்தளமான குரோமியத்துக்கு மாறியபோது, அதன் தனித்தன்மையான பல வசதிகளும் போய்விட்டன. அவற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எழுந்த இந்த பிரவுசரின் 1.0 பதிப்பு 2016 ஏப்ரலில் வெளிவந்தது. மவுஸின் வலது பொத்தானை அழுத்தியபடி இடப்பக்கம் இழுத்தால் முந்தைய பக்கம், கீழே இழுத்தால் புது டேப் என்ற அந்தப் பழைய சைகைகள் இதில் உண்டு.

இரண்டு விஷயங்கள் என்னை யோசிக்க வைக்கின்றன. விவால்டியும் குரோமியத்தின் மேல்தான் நிற்கிறது. குரோமுக்கென்று எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன்கள், அதாவது கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள், இதிலும் அப்படியே ஓடுவது லாபம்தான். ஆனாலும் இத்தனை பிரவுசர்கள் ஒரே எஞ்சினை நம்பி இருப்பது இணையத்துக்கு நல்லதில்லை என்று உறுதியாக நினைக்கிறேன். வேறு எஞ்சினோடு நிற்கும் ஃபயர்பாக்ஸை அதனால்தான் கம்ப்யூட்டரிலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறேன். அடுத்து, விவால்டியின் முகப்புப் பகுதிக்கான, அதாவது நாம் பார்க்கும் மெனு, பொத்தான்களுக்கான நிரல் திறந்த மூலம் (ஓபன் சோர்ஸ்: யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வருவது) அல்ல. முழுக்கத் திறந்த மூல மென்பொருள்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

செட்டிங்ஸ் பக்கம் ரொம்பப் பெரிது. ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டாம், மேலேயே தேடல் பெட்டி இருக்கிறது. உள்ளேயே இருக்கும் மெயில், காலண்டர் பக்கம் நான் இன்னும் போகவில்லை.

போனிலும் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புக்மார்க் முதலானவற்றைக் கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒரேபோல வைத்திருக்கும் இதன் சிங்க் வசதியில், கணக்கின் பாஸ்வேர்டைத் தவிர, தரவைப் பூட்டுவதற்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்ட் உண்டு. அது நம்மிடம் மட்டும்தான் இருக்கும் என்பதால் சர்வரில் கிடப்பதை அந்த நிறுவனமும் படிக்க முடியாது. நாம் மறந்துவிட்டால் அவர்களால் மீட்டுத் தரவும் முடியாது. தரவின் பூட்டைத் திறக்கும் சாவியை ஒரு ஃபைலாக எடுத்து வைக்கும் வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது. சிங்க்கைத் தொடங்குகிற அன்றைக்கே அதை ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துவிடுங்கள்.